நடந்தும் குறையாத எடை: வாசகர் கேள்விகள்

கேள்வி: எனக்கு 42 வயது. உயரம் 158 செ.மீ., எடை 74 கிலோ. பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். தீபாவளிக்கு முன்பிருந்தே தினமும் காலையில் 45 நிமிடம் நடக்கிறேன். சர்க்கரையை அடியோடு விட்டாச்சு. எழுந்ததும் வெந்நீரில் தேன், நடந்து வந்ததும் கருப்பட்டியும் பாலும் சேர்த்த ராகிக் கஞ்சி, அப்புறம் நாலு இட்லி. பதினோரு மணிக்கு ஒரு கைப்பிடி பாதாம், முந்திரி. மதியம் அரிசிக்குப் பதில் சாமை அல்லது வரகு, மாலையில் டீயும் சுண்டலும், இரவு மூன்று சப்பாத்தி, குருமா. எண்ணெய்கூட மரச்செக்கு எண்ணெய்தான். முதல் மாதம் இரண்டு கிலோ குறைந்தது, அதற்குப் பிறகு முள் நகரவே இல்லை. தைராய்டு பார்த்தேன், நார்மல். ‘இவ்வளவு நடந்து என்ன பிரயோஜனம்’ என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கும் விட்டுவிடலாம் போலத்தான் இருக்கிறது. நான் எங்கே தப்பு செய்கிறேன்?
– வாசகி, நாமக்கல்

பதில்: நடப்பதை விட்டுவிடாதீர்கள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் பின்னால் வருகிறது. நீங்கள் எழுதியிருக்கும் பட்டியலில் ஒழுக்கக் குறைவு எதுவும் இல்லை. இத்தனை மாதம் விடாமல் நடப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று வீட்டில் கேள்வி கேட்பவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், எனக்குத் தெரியும். ஆனால் எடை குறைய வேண்டும் என்றால் கணக்கு நடைபாதையில் இல்லை, அடுக்களையில் இருக்கிறது.

உங்கள் வயது, உயரம், எடை, வேலை எல்லாம் வைத்துப் பார்த்தால் உங்கள் உடம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1,900 கலோரி செலவழிக்கும். இப்போது நீங்கள் எழுதிய சாப்பாட்டைக் கூட்டிப் பார்ப்போம். தேன் ஒரு மேசைக்கரண்டி என்றால் 60. கஞ்சி 200. நாலு இட்லி 230, கூடவே தேங்காய்ச் சட்னியும் சாம்பாரும் சேர்ந்து 150-க்குக் குறையாது. ஒரு கைப்பிடி பருப்பு வகை, அதாவது 30 கிராம், 170-க்கு மேல். மதியச் சாப்பாடு குழம்பு பொரியலோடு 500. டீ, சுண்டல் 250. மூன்று சப்பாத்தியும் குருமாவும் 500-ஐத் தொடும். கூட்டினால் 2,000-ஐ ஒட்டி வருகிறது. அளவுகள் வீட்டுக்கு வீடு மாறும், நான் சொல்வது தோராயம்தான். ஆனாலும் முள் ஏன் ஒரே இடத்தில் நிற்கிறது என்பதற்கு இதுவே போதும்: வரவும் செலவும் சரியாகப் போய்க்கொண்டிருக்கிறது. நீங்கள் சாப்பிடுவதில் ஒன்றுகூடக் கெட்ட உணவு இல்லை, மொத்தம்தான் கூடுதல்.

நம் ஊரில் ‘ஆரோக்கியமானது’ என்று பெயர் வாங்கிய எதையும் யாரும் அளந்து சாப்பிடுவதில்லை, சிக்கலே அங்கேதான். சாமை, தினை, வரகு மூன்றும் நல்ல தானியங்கள், நார்ச்சத்து அதிகம், ஆனால் சமைக்காத நிலையில் 100 கிராமுக்கு அரிசியைப் போலவே ஏறக்குறைய 350 கலோரிதான். கோதுமையும் அப்படியே. அரிசிச் சோறு சாப்பிட்ட அதே அளவுக்கு வரகுச் சோறு சாப்பிட்டால் எடை விஷயத்தில் பெரிய மாற்றம் இருக்காது. கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் இவையும் கலோரியில் வெள்ளைச் சர்க்கரைக்குச் சொந்தக்காரர்கள்தான். நீங்கள் சர்க்கரையை விடவில்லை, அதன் உருவத்தை மாற்றியிருக்கிறீர்கள். இதை யாரும் உங்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

எண்ணெயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மரச்செக்கோ ரீஃபைண்டோ, நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ, எதுவானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி. உங்கள் வீட்டில் மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள் என்று மளிகைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். நாலு பேருக்கு ஐந்து லிட்டர் என்றால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 38 கிராம், கிட்டத்தட்ட 340 கலோரி எண்ணெயிலிருந்து மட்டும் வருகிறது. இதில் தேங்காய், பால், கடலை இவற்றில் இருக்கும் கொழுப்பு சேரவில்லை. இதை இரண்டு அல்லது இரண்டரை லிட்டருக்குக் கொண்டுவந்தாலே ஒருவருக்கு 170 கலோரி குறையும். உங்கள் 45 நிமிட நடை எரிப்பதும் ஏறத்தாழ அவ்வளவுதான்!

குறைப்பது எப்படி என்றால், பாட்டிலைச் சாய்த்து ஊற்றும் பழக்கத்தை நிறுத்த வேண்டும். வாணலி சூடாகும் அவசரத்தில் கண் அளவில் ஊற்றும்போது ஒரு கரண்டி என்று நாம் நினைப்பது பெரும்பாலும் இரண்டு கரண்டியாக இருக்கும். ஒரு சின்ன எண்ணெய்க் கிண்ணமும் அதற்குள் டீ ஸ்பூனும் போட்டு அடுப்புப் பக்கத்தில் வையுங்கள். பொரியலுக்கு இரண்டு ஸ்பூன், குழம்புக்குத் தாளிக்க இரண்டு ஸ்பூன். சப்பாத்தியை எண்ணெய் விடாமல் சுட்டு எடுங்கள். மாதத்துக்கான எண்ணெயை முதல் தேதியே ஒரு கேனில் ஊற்றி வைத்துவிட்டு, அடுத்த மாதம் பிறக்கும்வரை கடைக்குப் போவதில்லை என்று வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

உடற்பயிற்சி ஏன் நினைத்த அளவுக்கு எடையைக் குறைப்பதில்லை என்பதற்கு வேறு ஒரு காரணமும் உண்டு. டான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்களை ஹெர்மன் பான்ட்ஸர் என்ற ஆய்வாளரும் குழுவினரும் அளந்து பார்த்து 2012-ல் வெளியிட்டார்கள். நாளெல்லாம் நடக்கும் அவர்கள், உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், அமெரிக்க, ஐரோப்பிய மக்கள் செலவழிக்கும் அதே கலோரியைத்தான் செலவழிக்கிறார்கள் என்று வந்தது. ஒரு பக்கம் கூடுதலாகச் செலவானால் உடம்பு இன்னொரு பக்கம் சிக்கனம் பிடிக்கிறது. காலையில் நன்றாக நடந்த அன்று, நமக்கே தெரியாமல், மாடிப்படி ஏறாமல் குரல் கொடுத்து வேலை வாங்குவோம், மதியம் கொஞ்ச நேரம் கூடுதலாகச் சாய்ந்திருப்போம். பசியும் கூடும். உங்கள் காலைக் கஞ்சி நடைக்குப் பிறகு வந்து சேர்ந்ததுதானே? நடையில் போனது அந்த டம்ளரிலேயே திரும்பி வந்துவிடுகிறது.

‘நான் சாப்பிடுவதே கொஞ்சம்’ என்று நினைப்பவர்களைப் பற்றியும் ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. 1,200 கலோரிக்கும் குறைவாகச் சாப்பிட்டும் எடை குறையவில்லை என்று சொன்னவர்களை அமெரிக்காவில் துல்லியமாக அளந்தார்கள், 1992-ல் வெளிவந்தது. சாப்பிடுவதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். வளர்சிதை மாற்றத்தில் கோளாறு எதுவும் தெரியவில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. ருசி பார்த்தது, பிள்ளை தட்டில் மிச்சம் வைத்ததை வீணாக்க மனம் வராமல் வாயில் போட்டது, ஸ்டாஃப் ரூமில் யாரோ பிறந்தநாள் என்று நீட்டிய மைசூர்பாகு, இதெல்லாம் யாருக்கும் நினைவில் நிற்காது. ஒரே ஒரு வாரம் வாய்க்குள் போகும் அத்தனையையும் போனில் போட்டோ எடுத்து வையுங்கள், யாருக்கும் காட்ட வேண்டாம், வார முடிவில் நீங்களே உட்கார்ந்து பாருங்கள்.

சரி, என்ன மாற்றலாம்? எல்லாவற்றையும் மாற்றப் போனால் பத்து நாளில் கசந்துவிடும். தேனை நிறுத்துங்கள். கஞ்சி குடிக்கும் நாளில் இட்லி வேண்டாம், இட்லி நாளில் கஞ்சி வேண்டாம். கைப்பிடி முந்திரிக்குப் பதில் எட்டு பாதாம் எண்ணி எடுத்துக்கொண்டு டப்பாவை மூடிவிடுங்கள். மதியம் தட்டில் முதலில் காய் விழட்டும், பாதித் தட்டுக்கு, அப்புறம் ஒரு கப் சோறு, எந்தச் சோறானாலும். இரவு இரண்டு சப்பாத்தி, குருமாவுக்குப் பதில் கெட்டியான பருப்பு. இதில் புரதம் போதவில்லை என்பதையும் கவனியுங்கள். நம் சாம்பாரில் பருப்பைவிடத் தண்ணீர்தான் அதிகம். சாப்பிடுவீர்கள் என்றால் காலையில் இரண்டு முட்டை, வாரம் சில நாள் மீன், இல்லையென்றால் சுண்டலை அப்படியே வைத்துக்கொண்டு தயிர், பச்சைப்பயறு, கொஞ்சம் பனீர். புரதம் சேர்ந்தால் பசி தாங்கும், தசையும் கரையாது. நடையை வாரம் ஐந்து நாளாக்கி, மீதி இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது என்று தசைக்கு வேலை கொடுங்கள். மாதம் ஒரு கிலோ குறைந்தால் மிக நல்ல வேகம். முதல் இலக்காக 70 கிலோவை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ‘நடந்து என்ன பிரயோஜனம்’ என்ற கேள்விக்கு வருகிறேன். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் ஓர் ஆய்வு நடந்து 2006-ல் வெளியானது. சர்க்கரை நோயின் வாசலில் நின்றவர்கள் 531 பேரைப் பிரித்து ஒரு பிரிவினருக்கு வழக்கமான அறிவுரையோடு விட்டுவிட்டு, இன்னொரு பிரிவினரை நடக்கவும் உணவைச் சீர்படுத்தவும் வைத்தார்கள். மருந்து கொடுத்த பிரிவுகளும் இருந்தன. மூன்று ஆண்டில் முதல் பிரிவில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது, நடந்தவர்களில் 39 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. இதில் நீங்கள் வீட்டில் எடுத்துச் சொல்ல வேண்டியது, அவர்களுக்கு எடை சொல்லும்படியாகக் குறையவே இல்லை என்பதை. முள் அசையாமலேயே நோய் தள்ளிப் போயிருக்கிறது. உங்கள் நடை உங்களுக்குச் செய்துகொண்டிருப்பதும் அதுதான், தராசுக்கு அது தெரியாது, அவ்வளவே.

அதனால் தராசை வாரம் ஒருமுறைக்கு மேல் ஏறாதீர்கள். உப்பு, மாதவிடாய், மலச்சிக்கல் என்று எதனாலும் ஒன்று ஒன்றரை கிலோ மேலும் கீழும் ஆடும். பதிலாக ஒரு தையல் டேப்பை எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில் மாதம் ஒருமுறை அளந்து எழுதுங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டக் கூடாது. எடை அசையாத மாதங்களிலும் வயிறு குறைவதுண்டு.

இத்தனையும் மூன்று மாதம் செய்தும் ஒன்றும் நகரவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். தூக்கத்தில் பலத்த குறட்டை, மாதவிடாய்க் கோளாறு இருந்தால் இப்போதே பாருங்கள். சில மனநல மருந்துகள், ஸ்டீராய்டு, சில சர்க்கரை மாத்திரைகள், இன்சுலின் இவையெல்லாம் எடையைக் கூட்டக்கூடியவை, நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். மூட்டு வலிக்கென்று பெயர் இல்லாத பொடியோ மாத்திரையோ வாங்கிச் சாப்பிட்டால் உடனே சொல்லிவிடுங்கள், ஸ்டீராய்டு கலந்த சரக்கு அவற்றில் நிறைய.

கேள்வி: வயது 51. வாரம் ஐந்து நாள் ஜிம். சனிக்கிழமை மட்டும் நண்பர்களோடு கொஞ்சம் குடிப்பேன், பரோட்டா சாப்பிடுவேன். நாற்பதுக்கு மேல் மெட்டபாலிசம் படுத்துவிடும், இனி குறையாது என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: உண்மையில்லை. பிறந்து எட்டு நாளான குழந்தை முதல் 95 வயது வரை, 29 நாடுகளில் 6,400-க்கும் அதிகமானவர்களின் கலோரிச் செலவைத் தொகுத்து 2021-ல் வெளியிட்டார்கள். உடல் அளவைக் கணக்கில் எடுத்தால் 20 வயதிலிருந்து 60 வரை அது அப்படியே நிலையாக இருக்கிறது, குறைவது அதற்கு மேல்தான். நாற்பதுக்குப் பிறகு உண்மையில் மாறுவது நம் நாள். வண்டி வந்துவிடுகிறது, நாற்காலியில் நேரம் கூடுகிறது, தசை கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. ஜிம்மில் டிரெட்மில்லோடு நிறுத்தாமல் எடை தூக்குங்கள்.

சனிக்கிழமையைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன். மதுவில் ஒரு கிராம் ஆல்கஹாலுக்கு 7 கலோரி. 90 மில்லி விஸ்கியில் 200-க்கு மேல், அதன் கூட வரும் வறுவல், மிக்சர், அப்புறம் சால்னாவோடு மூன்று பரோட்டா என்றால் அந்த ஒரு ராத்திரியிலேயே 1,500 கலோரியைத் தாண்டிவிடும். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு 300 மிச்சம் பிடித்தது அங்கே தீர்ந்துவிடுகிறது. குடியை முழுதாக விடுங்கள் என்பேன், கல்லீரலுக்கும் சேர்த்து.

கேள்வி: எடை குறைக்கும் ஊசி வந்திருக்கிறதே, போட்டுக்கொண்டால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையாமே?
– வாசகி, மதுரை

பதில்: மருந்து நிஜமாகவே வேலை செய்கிறது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். செமாகுளுடைடு என்ற மருந்தை வாரம் ஒரு ஊசியாக 68 வாரம் போட்டவர்களுக்குச் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது. டிர்செபடைடு என்ற இன்னொரு ஊசி மருந்தில் அதைவிட அதிகம். ஊசியை நிறுத்தியவர்களுக்கு ஓராண்டுக்குள் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததும் பதிவாகியிருக்கிறது. உடல் பருமனோடு சர்க்கரை, ரத்த அழுத்தம், குறட்டை உள்ளவர்களுக்கு இது வரப்பிரசாதம், நாலைந்து கிலோ கூடுதல் என்பவர்களுக்குத் தேவையில்லை. குமட்டலும் வாந்தியும் பலருக்கு இருக்கும், சாப்பாடு குறைவதால் தசையும் கரையும். கணையத்தில் முன்பு அழற்சி வந்தவர்கள், குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள், அதற்குத் திட்டமிடுபவர்கள் இதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். மருந்துச் சீட்டு இல்லாமல் யார் கொடுத்தாலும், பியூட்டி பார்லரில் போட்டுவிடுகிறோம் என்று சொன்னாலும், போட்டுக்கொள்ளாதீர்கள்.