நாஸ் பெட்டியில் ஒவ்வொரு டிஸ்காக மாற்றினால் இடம் கூடுமா?

நான்கு 4 டிபி டிஸ்க் போட்ட ரெய்ட் 5 நாஸ் (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி) நிரம்பிவிட்டது, மாதம் ஒரு 8 டிபி டிஸ்க் வாங்கி மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக மாற்றலாம். ரெய்ட் 5 என்பது கோப்புகளை எல்லா டிஸ்கிலும் பிரித்து எழுதி, ஒரு டிஸ்க் போனாலும் தப்பிக்க ஒரு டிஸ்க் அளவு இடத்தை ஒதுக்கும் முறை. ஆனால் ரெய்ட் 5 எல்லா டிஸ்கையும் இருப்பதிலேயே சிறிய டிஸ்கின் அளவுக்குத்தான் கணக்கில் எடுக்கும். மூன்றை மாற்றிய பிறகும் அதே 12 டிபிதான். நான்காவதும் மாறி, வால்யூமை (டிஸ்குகள் சேர்ந்த மொத்தச் சேமிப்பிடத்தை) விரிவாக்கிய பிறகே 24 டிபி. சினாலஜி என்ற நாஸ் நிறுவனத்தின் எஸ்எச்ஆர் முறையில் (வெவ்வேறு அளவு டிஸ்குகளைக் கலந்து பயன்படுத்தும் முறை) அமைத்திருந்தால் இரண்டாவது டிஸ்க் மாறியதுமே 16 டிபி கிடைக்கும். சிறுகச் சிறுக வாங்குபவர்களுக்கு அதுவே தோது.

எனக்குக் கவலை இடத்தைப் பற்றியல்ல, ரீபில்ட் பற்றி, அதாவது மற்ற டிஸ்குகளைப் படித்துப் புது டிஸ்கை நிரப்பும் வேலை பற்றி. ஒரு டிஸ்கைக் கழற்றிய நொடியிலிருந்து ரீபில்ட் முடியும்வரை உங்களுக்குப் பாதுகாப்பே கிடையாது. அந்த நேரத்தில் மிச்சமுள்ள மூன்று பழைய டிஸ்குகளையும் முழுக்கப் படித்தாக வேண்டும். விநாடிக்கு 150 எம்பி வேகம் கிடைத்தாலே 4 டிபிக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும்; நடுவில் பெட்டியைப் பயன்படுத்தினால் இன்னும் இழுக்கும். அப்போது இன்னொன்று போனால் எல்லாம் போச்சு. இதை நான்கு முறை செய்யப்போகிறீர்கள்! கழற்றிய டிஸ்க் கையில் இருக்கிறதே என்று நம்பாதீர்கள், அதில் கோப்புகள் துண்டு துண்டாகத்தான் இருக்கும்.

அதனால் முதல் இரண்டு 8 டிபி டிஸ்குகளை வெளியே வைத்து முழு பேக்கப் எடுங்கள். ஸ்க்ரப் (டிஸ்குகளை முழுக்கப் படித்துப் பிழை தேடும் சோதனை) ஓட்டிப் பழைய டிஸ்குகளில் பிழை இல்லை என்று பார்த்த பிறகே கை வையுங்கள். புதிதாக வாங்குவது சிஎம்ஆர் வகையாக (தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று படியாமல் எழுதும் டிஸ்க்) இருக்கட்டும். தடங்களை ஒன்றின் மேல் ஒன்று படியவைத்து எழுதும் எஸ்எம்ஆர் டிஸ்கில் ரீபில்ட் நாள்கணக்கில் நீளக்கூடும்.