மகள் இளைஞர் ஒன்றியத்தில். தாய் எங்கே நிற்பது?

கேள்வி: நான் சைவக் குடும்பத்தில் பிறந்து கத்தோலிக்கரைத் திருமணம் செய்தவள். திருகோணமலை, பாலையூற்றில் இருக்கிறோம். கணவர் கட்டாரில் வேலை. தரம் 10 படிக்கும் மகள் ஒரு வருடமாகப் பங்குத் தேவாலயத்தின் இளைஞர் ஒன்றியத்தில் மிக ஆர்வமாக இருக்கிறாள். டிசம்பர் விடுமுறையில் மூன்று நாள் பாசறை என்று படிவம் கொண்டுவந்து நிற்கிறாள். ஞாயிறு டியூசனோடும் ஒன்றியம் மோதுகிறது. கரோல் பயிற்சி முடிய இருட்டிவிடுகிறது. அவளுக்குத் துணையாக நிற்க எனக்கு விருப்பம்தான். ஆனால் அங்கே என்ன நடக்கிறது என்றே எனக்குத் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, செபமும் வேதாகமமும் தெரிந்த தாய்தான் பிள்ளைக்குத் துணை நிற்கலாம் என்ற எண்ணத்தை முதலில் கைவிடுங்கள். ஒன்றியத்துக்குள் நடப்பது உங்கள் மகளுடையது. எந்தப் பாட்டில் சேருவது, யாரோடு பழகுவது, நாடகத்தில் என்ன வேடம் போடுவது எல்லாம் அவளுடைய பாடு. அதைச் சுற்றியிருக்கும் ஏற்பாடுதான் உங்களுடையது: யார் பொறுப்பு, எத்தனை மணிக்கு முடியும், யாரோடு வீடு வருவாள், பெரியவர்கள் எத்தனை பேர் கூட இருப்பார்கள். இளையோர் பணியில் நான் அதிகம் காண்கிற சிக்கல், பெற்றோர் இந்த இரண்டையும் மாற்றிப் பிடித்துக்கொள்வது. மகளை ஏன் முன்வரிசையில் விடவில்லை என்று சண்டைக்குப் போகிறவருக்கு, மகளைப் பாசறைக்குக் கூட்டிப்போகிறவரின் பெயர் தெரியாது.

இந்த ஞாயிறே தொடங்கலாம். கூட்டம் முடிவதற்குப் பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள். கேற்றுக்கு வெளியே ஸ்கூட்டியில் இருந்தபடி ஹோர்ன் அடித்து மகளைக் கூப்பிடாதீர்கள். உள்ளே போய், ஒன்றியத்துப் பிள்ளைகளை வழிநடத்தும் பொறுப்பான அனிமேட்டரிடம் "நான் இன்னாரின்ட அம்மா, இது என்ட நம்பர்" என்று சொல்லுங்கள். அவர் பெரும்பாலும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பிள்ளையாகத்தான் இருப்பார். படித்துக்கொண்டோ வேலை பார்த்துக்கொண்டோ, ஒரு சதம் வாங்காமல் தன் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுக்கிறவர். பெற்றோர் கிட்ட வந்தாலே ஏதோ முறைப்பாடு என்று முகம் வாடிப்போகும். அதனால் முதல் நாளில் கேள்வி எதுவும் வேண்டாம். "பிள்ளைகளுக்குப் பிளேன்ரீ போட ஆள் வேணுமெண்டா சொல்லுங்கோ தம்பி" என்ற ஒரு வார்த்தை போதும். அப்படிச் சொன்ன தாய்மாருக்கு, வட்ஸ்அப் குறூப்பில் மட்டும் இருக்கும் பெற்றோரைவிட, ஒன்றியத்தின் நடப்பு நன்றாகத் தெரிந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். கோப்பை கழுவும் இடத்தில்தான் பிள்ளைகள் வாய் திறப்பார்கள்.

படிப்பறிவும் மதஅறிவும் இல்லாமல் என்ன செய்ய முடியும் என்று கேட்கிறவர்களுக்கு ஏழைச் சிறுவர்களுக்காகவே வாழ்ந்த இத்தாலியக் குருவான புனித தொன் போஸ்கோவின் தாயை நான் சொல்வேன். மார்கரீத்தா எழுத வாசிக்கத் தெரியாத விவசாயக் குடும்பத்து விதவை. 1846இல் மகனோடு தூரின் நகரத்துக்கு வந்து, அவர் சேர்த்து வைத்திருந்த ஏழைச் சிறுவர்களுக்குச் சமைத்தார், கிழிந்த உடுப்பைத் தைத்துக் கொடுத்தார். சாகும்வரை பத்து வருடம் அதுதான் அவர் வேலை. அந்தச் சிறுவர்கள் அவரையும் அம்மா என்றே கூப்பிட்டார்கள்.

அடுத்தது, நீங்கள் சைவப் பெண் என்பது. இதை மறைக்கவோ சமாளிக்கவோ தேவையில்லை. கோணேசர் கோயிலும் பேராலயமும் பள்ளிவாசலும் விகாரையும் ஒரே பட்டினத்தில் இருக்கிற இடத்தில் வளர்கிற பிள்ளை அவள். உங்கள் தாய்வீட்டுப் பொங்கலுக்கும் போவாள், பாலையூற்று லூர்து மாதா திருவிழாவுக்கும் நிற்பாள். ஒன்றியத்தில் யாராவது உங்கள் சமயத்தை இழிவாகப் பேசினாலோ, "அம்மாவை மதம் மாற்று" என்று பிள்ளையின் தலையில் பாரம் ஏற்றினாலோ மட்டும் பொறுத்துப் போகாதீர்கள். நேராகப் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். பிற சமயங்களில் உண்மையும் புனிதமுமாய் உள்ள எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இலேயே அறிவித்துவிட்டது. ஆகவே நீங்கள் சலுகை கேட்கவில்லை, அவர்களுடைய போதனையைத்தான் நினைவுபடுத்துகிறீர்கள். மறுபக்கம், மகள் செபமாலை சொல்லும்போது "இதெல்லாம் எதுக்கு?" என்ற பேச்சும் உங்கள் வீட்டில் எழக்கூடாது. அவள் செபிக்கும் நேரத்தில் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டால், அதுவே பெரிய துணை.

இனிப் பாசறை. என் அபிப்பிராயம், அனுப்புங்கள். வீட்டைவிட்டு வேறிடத்தில் படுத்து எழும்பி, தன் கோப்பையைத் தானே கழுவி, பழக்கமில்லாத பிள்ளையோடு ஒரு அறையைப் பகிர்ந்துவிட்டு வருகிற பதினைந்து வயதுப் பிள்ளை கொஞ்சம் நிமிர்ந்துதான் வருவாள். ஆனால் கையெழுத்து வைப்பதற்குமுன் சில விஷயங்கள் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கே தங்குகிறார்கள்? பெண்பிள்ளைகளின் அறை, குளியலறை, கழிவறை ஆண்பிள்ளைகளுடையதிலிருந்து தனியாகவும் உள்ளே பூட்டக்கூடியதாகவும் இருக்கிறதா? பெண்பிள்ளைகளோடு இரவு தங்கும் பெரியவர் யார்? சிஸ்டரா, வேறொரு பிள்ளையின் தாயா? பதினெட்டு, பத்தொன்பது வயது அக்காமார் மட்டும் போதாது. எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு பூட்டிய அறையில் தனியே இருக்கக்கூடாது என்ற விதி இருக்கிறதா? பாவசங்கீர்த்தனமோ தனி ஆலோசனையோ என்றாலும், மற்றவர்கள் காணக்கூடிய இடத்தில் நடத்தலாம். பஸ்ஸில் போகிறார்களா, வான் வண்டியிலா? அவசரம் என்றால் எந்த நம்பருக்கு எடுப்பது?

இந்தக் கேள்விகளைக் கேட்டால் ஃபாதர் என்ன நினைப்பாரோ என்று கூச்சப்படும் பெற்றோர் நிறைய. நல்ல ஒன்றியம் இவற்றுக்கு முகம் சுளிக்காது. அநேகமாக, பதில்களைப் படிவத்திலேயே அச்சடித்து வைத்திருக்கும். கேட்டதற்காக உங்கள் மகளை ஓரங்கட்டினால், பாசறை பற்றிய முடிவை அந்த நடத்தையே எடுத்துக்கொடுத்துவிடும்.

டிசம்பர் என்பதால் இன்னொன்று. நம் பக்கம் அது வாடைக்காற்றும் மழையும் கூடிய காலம், கடல் கொந்தளிக்கும். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் அமைதியாகக் குளிக்கக்கூடிய மாதங்கள் ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை. பாசறை நிகழ்ச்சிநிரலில் கடல்குளிப்பு இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் பிள்ளைக்கு மட்டுமல்ல, எல்லாருக்குமே வேண்டாம் என்று. கன்னியா வெந்நீரூற்றுக்குக் கூட்டிப்போகட்டும், மண்டபத்துக்குள் விளையாடட்டும். மழையோடு நுளம்பும் டெங்கும் கூடும் காலம் என்பதால் நுளம்பு வலையோ பூசும் களிம்போ பையில் இருக்கட்டும். மகளுக்கு வீசிங், ஒவ்வாமை ஏதும் இருந்தால் அதைப் படிவத்தில் எழுதுங்கள். அதோடு நிற்காமல், பொறுப்பான பெண்ணிடம் மருந்தைக் காட்டி, எப்போது எப்படிக் கொடுப்பது என்று வாயாலும் சொல்லுங்கள். படிவம் ஃபைலுக்குள் போய்விடும், நடு இரவில் அதை யாரும் புரட்டமாட்டார்கள்.

கரோல் பயிற்சியில் உள்ள சிக்கலை மற்ற வீடுகளோடு சேர்ந்து தீர்க்கலாம். டிசம்பரில் ஆறு மணிக்கே இருட்டிவிடும். பாலையூற்றுப் பக்கம் திரும்பும் நாலைந்து பிள்ளைகளின் வீட்டார் பேசி, முறைவைத்துக் கூட்டிவாருங்கள், அல்லது தெரிந்த ஓட்டோக்காரர் ஒருவரை எல்லாருக்குமாக ஒழுங்குபண்ணுங்கள். முடியும் நேரம் ஏழரை என்றால் ஏழரைக்கே முடிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கரோலுக்கு வீடு வீடாகப் போகிற இரவுகளில், லொறியின் பின்பக்கத்தில் பிள்ளைகளை நிற்கவைத்து ஏற்றிப்போகிற வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. மழையில் நனைந்த தளம், வழுக்கும் செருப்பு, பாட்டின் உற்சாகம், எல்லாம் சேர்ந்தால் ஆபத்து. இருக்கை உள்ள வாகனத்துக்கு ஆகும் காசைப் பெற்றோர் பங்குபோட்டுக் கொடுக்கலாம்.

டியூசன் விஷயத்தில் "பரீட்சை முடியும்வரை ஒன்றியம் வேண்டாம்" என்று ஒரே வெட்டாக வெட்டிவிடாதீர்கள். சாதாரண தரத்துக்குப் பிறகு உயர்தரம், அதன்பிறகு வேறொன்று, முடிவே வராது. வாரம் முழுக்க வகுப்பு வகுப்பாக ஓடும் பிள்ளைக்கு, யாரும் புள்ளி போடாத இடம் ஒன்று வேண்டும். ஒரு பெரிய தாளில் வருடத்தைப் போட்டு, மகளோடு உட்காருங்கள். ஒன்றியத்தில் வேலை எல்லா மாதமும் ஒரேயளவு அல்ல. தவக்காலத்தில் சிலுவைப்பாதை, பிறகு பங்குத் திருவிழா, கிறிஸ்து அரசர் பெருவிழாவை ஒட்டி வரும் இளையோர் ஞாயிறு, கடைசியில் கிறிஸ்மஸ். இடையில் சும்மா கூடிக் கலைகிற வாரங்களும் நிறைய. தவணைப் பரீட்சைகளையும் அதே தாளில் குறித்தால் எங்கே மோதுகிறது என்று அவளே காண்பாள். அடுத்த வருடம் செயலாளர், பாடகர்குழுத் தலைவி என்று பொறுப்பு எடுக்க வேண்டாம், சாதாரண உறுப்பினராகப் போய்வரட்டும் என்ற உடன்பாட்டுக்கு வரலாம். அதை அனிமேட்டரிடம் மகளே போய்ச் சொல்லட்டும், நீங்கள் சொல்லாதீர்கள். ஞாயிறு காலை வகுப்பை மட்டும், முடிந்தால், வேறு நாளுக்கு மாற்றித் தரச் சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள். பூசையைத் துறந்து வகுப்புக்கு ஓடுகிற பழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை.

மகள் வீடு வந்ததும் "இண்டைக்கு என்ன படிச்சனீங்கள்?" என்று கேட்காதீர்கள். அது பாடசாலைக் கேள்வி, "ஒண்டுமில்ல" என்றுதான் பதில் வரும். சாப்பாட்டைப் போட்டுக் கொடுத்து, "ஆர் ஆர் வந்தவை?" என்று தொடங்குங்கள். முகம் வாடி வந்த நாளில், "நான் கேக்கட்டோ, இல்ல சும்மா இருக்கட்டோ?" என்று அவளிடமே கேளுங்கள். வேடம் கிடைக்கவில்லை, சிநேகிதி கதைக்கவில்லை என்ற மனஸ்தாபங்களுக்கெல்லாம் அன்றிரவே அனிமேட்டருக்கு ஃபோன் எடுத்தால், அடுத்தமுறை உங்களிடம் எதையும் சொல்லமாட்டாள். யாராவது பையனின் பெயர் அடிக்கடி வாயில் வந்தாலும் உடனே ஒன்றியத்தை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் பழக்கம் ஃபோனுக்குள் ஒளிந்துகொள்ளும், மண்டபத்தில் என்றால் நாலு பேர் கண்முன்னே இருக்கும்.

காசைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஒன்றியத்துக்கு ரீசேர்ட் அடிக்கிறார்கள், பாசறைக்குக் கட்டணம் கேட்கிறார்கள். வீட்டில் இறுக்கம் என்று தெரிந்த பிள்ளை அதைக் கேட்காமல், "எனக்கு விருப்பமில்ல" என்று சொல்லி மெதுவாக ஒதுங்கிவிடும். 2022இன் நெருக்கடிக்குப் பிறகு இப்படி ஒதுங்கிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். முழுக்காசும் கட்ட முடியாவிட்டால் ஃபாதரிடம் தனியே சொல்லுங்கள், மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

எந்த நேரத்தில் பொறுமை வேண்டாம் என்பதையும் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். "வீட்டில் சொல்லாதே" என்று ஒரு பெரியவர் சொன்னால், இரவில் தனியாக மெசேஜ் போட்டால், காரணமில்லாமல் பரிசு கொடுத்தால், தொட்டால், மகள் ஒருவரின் பெயரைக் கேட்டதும் அடங்கிப்போனால் காத்திருக்காதீர்கள். அவர் எவ்வளவு மதிப்புள்ள ஆளாக இருந்தாலும் சரி, மகள் சொல்வதை நம்புங்கள். ஏன் முதலே சொல்லவில்லை என்று ஏசாதீர்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்திலும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். பங்குக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்வோம் என்று யாராவது கேட்டால் சம்மதிக்க வேண்டாம். இதுவும் மகளுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும், பாசறைக்குப் பை அடுக்கும்போது சாதாரணமாகவே சொல்லிவைக்கலாம்.

கடைசியாக, கட்டாரில் இருக்கும் தகப்பன். அவர்தான் கத்தோலிக்கர், ஆனால் ஒன்றியத்தின் செய்தியெல்லாம் உங்கள் வழியாகத்தான் அவருக்குப் போகிறது போலிருக்கிறது. பாசறைக்கு விடுவதா இல்லையா என்பதை நீங்கள் இருவரும் முடிவெடுத்து மகளுக்கு அறிவிக்காமல், அவள் நேரடியாக அவரிடம் கேட்கட்டும். அவருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறையாக இருந்தால், நம் நேரம் இரவு எட்டரை அங்கே ஆறு மணிதான், ஆறுதலாகப் பேசலாம். படிவத்தை வீடியோ கோலில் காட்டி, எங்கே போகிறோம், யார் கூட வருகிறார்கள், என்ன பாட்டுப் பாடப் போகிறோம் என்று அவளே சொல்லட்டும். அவர் கேட்கிற கேள்விகளில் அவளுக்குப் பதில் தெரியாதவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஞாயிறு இருவருமாக அனிமேட்டரிடம் போய்க் கேளுங்கள்.