நார்வே பக்கம் நாயை விட்டு வேட்டையாடுவார்களாமே, சிப்பிப்பாறை மாதிரி துரத்திப் பிடிக்குமா? கொடூரமாக இருக்காதா?

துரத்தும், பிடிக்காது. பிடிக்கப் பாயும் நாயை இங்கே யாரும் இந்த வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

சிப்பிப்பாறை கண்ணால் முயலைப் பார்த்து, ஓட்டத்தில் ஜெயித்து, வாயால் கவ்வும் சாதி. நான் இருக்கும் த்ரோன்டெலாக் பகுதியில் எல்க் என்ற பெரிய மான் வேட்டைக்குப் போவது சாம்பல் நிற எல்க்ஹவுண்ட். நார்வேயின் தேசிய நாயே அதுதான். சுருட்டிய வால், விறைத்த காது, எடை 20 கிலோ சொச்சம். எதிரே நிற்கும் எல்க் கடா (அமெரிக்கர்கள் மூஸ் என்பது இதைத்தான்) 400 கிலோவைத் தாண்டும். முன்னங்காலால் ஒன்று வைத்தால் நாயின் கதை முடிந்தது. அதனால் நாய் சண்டைக்குப் போவதில்லை. முன்னால் போய்க் குரைத்துக் குரைத்து எல்க்கை ஒரே இடத்தில் நிற்க வைக்கும், அவ்வளவுதான்.

கேட்க சுலபம். ரொம்ப நெருங்கினால் எல்க் மிரண்டு ஓடிவிடும். ரொம்பத் தள்ளி நின்றால் மதிக்காமல் தன்பாட்டுக்கு நடந்து போய்விடும். கல்யாண வீட்டில் கிளம்பப் பார்க்கும் பெரிய மனுஷரைப் பேச்சுக் கொடுத்தே வாசலில் நிறுத்தி வைப்பவர் ஒருத்தர் இருப்பாரே, அந்தச் சாமர்த்தியம் வேண்டும்.

முதல் வருஷம் என்னிடம் வேட்டை உரிமம் இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் எழுபதைத் தாண்டியவர். "சும்மா வா, இறைச்சி தூக்க ஆள் வேண்டும்" என்று கூட்டிப் போனார். அவருடைய நாய் பெயர் டிங்கா. அக்டோபர் காலை, புல்லெல்லாம் உறைபனி. நாயை அவிழ்த்து விட்ட பிறகு முக்கால் மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. மரக்கட்டையில் உட்கார்ந்து காபி குடித்தோம். நாயின் கழுத்துப் பட்டையில் ஜிபிஎஸ் இருக்கிறது. அது எங்கே போகிறது என்பதோடு நிமிஷத்துக்கு எத்தனை தடவை குரைக்கிறது என்பதையும் பெரியவரின் கைபேசி காட்டும். சுழியிலிருந்த அந்த எண் திடீரென்று அறுபதைத் தொட்டது. வரைபடத்தில் நாயின் புள்ளி நகரவில்லை. "நிற்கிறது" என்றார், உதடு மட்டும் அசைய.

நானூறு மீட்டர் தூரம்தான். போய்ச் சேர நாற்பது நிமிஷம் ஆனது. பத்தடிக்கு ஒரு தடவை சின்னப் புட்டி ஒன்றை அமுக்குவார். அதிலிருந்து வரும் வெள்ளைத் தூள் எங்கள் முகத்துக்குத் திரும்பி வந்தால் காற்று சரி, எல்க்குக்கு எங்கள் வாசம் போகாது. குரைப்பு காதை அடைக்க ஆரம்பித்தபோது ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு நடுவே முதலில் ஒரு கால் தெரிந்தது, சாம்பல் வெள்ளையாக, மரக்கிளை மாதிரி. பிறகுதான் மேலே அந்தப் பெரிய உடம்பு. காதைப் பின்னால் மடக்கி டிங்காவையே பார்த்துக்கொண்டிருந்தது. டிங்கா வாயில் ஆவி பறக்க, இந்தப் பக்கம் நாலு எட்டு, அந்தப் பக்கம் நாலு எட்டு.

நான் போட்டிருந்தது தள்ளுபடியில் வாங்கிய புது மழைக்கோட்டு. முழங்கையை மடக்கினேன், சரக் என்றது. எல்க்கின் ஒரு காது மட்டும் எங்கள் பக்கம் திரும்பியது. அவ்வளவுதான், காடு காலி. டிங்காவும் அதன் பின்னாலேயே போய், ஏழு கிலோமீட்டர் தள்ளி சாயங்காலம்தான் கிடைத்தது. பெரியவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. காரில் ஏறும்போது என் கோட்டைத் தொட்டுக் காட்டி "கம்பளி" என்றார்.

நாயை அவிழ்க்காமலும் வேட்டையாடுவார்கள். வாரோடு சத்தமில்லாமல் மோப்பம் பிடித்து ஆளை எல்க் இருக்கும் இடத்துக்கே கூட்டிப் போகும் நாய்கள் உண்டு. எனக்கென்னவோ அதுதான் அதிகக் கஷ்டம் என்று தோன்றுகிறது.

பறவை வேட்டையில் நாயின் வேலை நேர் எதிர். செப்டம்பர் 10 முதல் மலைமேல் ரீபெ என்ற பறவை வேட்டை. கௌதாரியைவிடப் பெரியது, நாட்டுக்கோழியைவிடச் சிறியது, பாதம் வரை இறகு. குளிர்காலத்தில் வெள்ளையாகிவிடும். இதற்கு செட்டர், பாயின்டர் நாய்கள். காற்றுக்கு எதிராக வலது இடது என்று வெட்டி வெட்டி ஓடும். வாசம் கிடைத்ததும் ஒரு கால் அந்தரத்தில் இருக்க அப்படியே சிலையாகிவிடும். நீங்கள் பக்கத்தில் போய் உத்தரவு கொடுத்தால்தான் பாய்ந்து பறவையை எழுப்பும். பறவை எழும்பி நீங்கள் சுடும்போது நாய் துரத்தாமல் நிற்க வேண்டும். அதைப் பழக்கத்தான் வருஷக்கணக்கில் ஆகிறது. பின்லாந்தில் இன்னொரு வேடிக்கை: அவர்களுடைய செந்நிற ஸ்பிட்ஸ் நாய், காட்டுக்கோழி ஏறி உட்கார்ந்த மரத்தடியில் நின்று விடாமல் குரைக்கும். கோழி நாயையே குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, ஆள் பின்னால் வந்து சேர்ந்துவிடுவார்.

கொடூரமா என்று கேட்டீர்கள். கட்டுப்பாடு நிறைய. முப்பது மணி நேர வகுப்பு, 50 கேள்விப் பரீட்சை. பெரிய மிருகம் சுட வயது 18. அதற்கு மேல் வருஷா வருஷம் சுடும் தேர்வு: நூறு மீட்டரில் ஐந்து குண்டும் 30 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் விழ வேண்டும். எத்தனை கடா, எத்தனை பசு, எத்தனை கன்று என்று ஒவ்வொரு நிலத்துக்கும் ஒதுக்கீடு உண்டு. கன்றோடு நிற்கும் பசுவைச் சுடக் கூடாது, சுடுவதானால் கன்றைத்தான் முதலில். இதைக் கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. தாயில்லாத கன்று பனியில் என்ன ஆகும் என்று யோசித்த பிறகே புரிந்தது. ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 20 வரை பொதுவாக நாயை வெளியே அவிழ்த்து விடக் கூடாது.

ஆனாலும் குண்டு தப்பும் நாள் வரும். மூன்றாம் வருஷம் எங்கள் குழுவில் ஒருவர் சுட்டது வயிற்றில் பட்டுவிட்டது. எல்க் வேட்டைக்குப் போகும் குழு, அடிபட்டதைத் தேட அங்கீகாரம் பெற்ற நாய்க்கு ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்பது சட்டம். நீள வாரில் கட்டிய அந்த நாய், ரத்தமே தெரியாத சேற்று நிலத்தில் மூக்கைத் தரையில் வைத்து நடந்தது. இருட்டும் நேரத்தில் கண்டுபிடித்தோம், இன்னும் உயிர் இருந்தது. சுட்டவர் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. நானும்தான். கொடூரமே இல்லை என்று நான் சொல்லத் தயாராக இல்லை. ஆனால் அதில் நாய்க்குப் பங்கில்லை.

அந்த முதல் வருஷமும் எனக்கு இறைச்சி வந்தது. வேறொரு நாள் விழுந்த கன்றில் கழுத்துப் பக்கம் நாலு கிலோ. கொட்டகையில் நாற்பது 'நாள்பாகை' தொங்கியது, அதாவது நான்கு டிகிரிக் குளிரில் பத்து நாள். வீட்டில் மிளகு போட்டு சுக்கா வறுத்துப் பெரியவருக்கு ஒரு டப்பா கொடுத்தேன். கழுவிய டப்பாவைத் திருப்பித் தரும்போது அதற்குள் அவருடைய பழைய கம்பளிச் சட்டை மடித்து வைத்திருந்தது.