இணையத்தில் விற்கும் இறகு டைனோசரை வாங்கலாமா?

கேள்வி: நான் பள்ளியில் உயிரியல் கற்பிக்கிறேன். சீனாவின் லியாவோனிங் மாகாணத்தில் கிடைத்த இறகு டைனோசர் புதைபடிவம் என்று ஓர் இணையதளத்தில் விற்கிறார்கள். படத்தில் ஓர் எலும்புகூடக் குறையாமல் இருக்கிறது. ஆய்வகத்துக்கு வாங்கலாமா?

பதில்: வேண்டாம். போலி என்றால் பணம் போகும். அசல் என்றால் சட்டம் குறுக்கே நிற்கும். சீனாவில் 2011 முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி, இத்தகைய புதைபடிவத்தை அரசு அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது.

"ஓர் எலும்புகூடக் குறையாமல்" என்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. லியாவோனிங் கற்பலகைகள் தோண்டும்போதே பெரும்பாலும் துண்டுகளாக உடையும். முழுமையான உருவத்துக்கு விலை அதிகம் என்பதால் ஒட்டுவேலை அங்கே தொடங்கிவிடுகிறது. நிபுணர்களே இதில் ஏமாந்திருக்கிறார்கள். 'ஆர்க்கியோராப்டர்' என்ற பலகை அமெரிக்காவின் டூசான் நகரில் நடந்த புதைபடிவக் கண்காட்சியில் 80,000 டாலருக்கு விலைபோனது. 1999 நவம்பரில் நேஷனல் ஜியாகிரபிக் இதழ் அதைப் பறவைக்கும் டைனோசருக்கும் இடைப்பட்ட உயிராக அறிவித்தது. உண்மையில் அது ஓர் ஒட்டுவேலை: உடல் ஒரு பழங்காலப் பறவையுடையது, வால் வேறொரு டைனோசருடையது. அந்த வாலின் மறுபாதிப் பலகையைச் சீனாவில் கண்டறிந்து குட்டை உடைத்தவர் ஆய்வாளர் சூ ஷிங். சி.டி. ஸ்கேனில் 88 துண்டுகள் தெரிந்தன. கல் பிளக்கும்போது ஒரே எலும்பு இருபுறமும் பதிந்திருக்கும் அல்லவா? அந்த இரு பக்கங்களையும் இடக்கால், வலக்கால் என்று ஒட்டியிருந்தார்கள். கெட்டிக்காரத்தனம்தான்! வேடிக்கை என்னவென்றால், வாலுக்கு உரிய மைக்ரோராப்டர் என்ற டைனோசர் அதுவரை அறிவியல் அறியாத இனம்; ஒட்டாமல் விட்டிருந்தாலே அது பெரிய கண்டுபிடிப்பு.

புற ஊதா விளக்கில் பசையும் வண்ணமும் எலும்பிலிருந்து வேறாக ஒளிரும். ஆனால் விற்பனையாளரின் படத்தை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

உங்கள் தேவைக்கு, ஆர்க்கியோப்டெரிக்ஸ் என்ற ஆதிப்பறவையின் பெர்லின் மாதிரியிலிருந்து (பெர்லின் அருங்காட்சியகத்தில் உள்ள புதைபடிவம்) எடுத்த வார்ப்பு, அதாவது அச்சில் வார்த்த நகல், போதும். சுமார் 15 கோடி ஆண்டுப் பழைமையான அந்த உயிரில் பல், நகமுள்ள மூன்று விரல்கள், நீண்ட எலும்பு வால், இறகு எல்லாம் ஒருங்கே தெரியும். லியாவோனிங் இறகுகள் பெரும்பாலும் கரிய கறையாக மட்டுமே எஞ்சியிருப்பதால், வார்ப்பில் அவற்றை வண்ணம் தீட்டித்தான் காட்ட வேண்டும். பெர்லின் மாதிரியிலோ இறகுகள் சுண்ணாம்புக்கல்லில் மேடுபள்ளமாகவே பதிந்துள்ளன. மேசை விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் கடைசி வரிசை மாணவருக்கும் இறகின் தண்டு தெரியும்.