சம்பூரில் ஆய்வு, ரொறன்ரோவில் பட்டம்

உப்புவெளியிலிருந்து ரொறன்ரோவுக்கு வரவிருக்கும் தங்கைக்கு,

மருத்துவ உளவியலில் கலாநிதிப் பட்டத்தை நான்கு ஆண்டுகளில் முடிக்கலாமா, திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில், போரால் இடம்பெயர்ந்து மீள்குடியேறிய குடும்பங்களைப் பற்றி ஆய்வு செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். முதலாவது நடக்காது. இரண்டாவது நடக்கும், ஆனால் முதுமாணிக் காலத்திலேயே அதற்கான வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

இங்கே முதுமாணியையும் கலாநிதியையும் தொடர்ந்து முடிக்க ஆறேழு ஆண்டுகள் ஆவது வழமை. கனடிய உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற துறைகளில் குறைந்தது 600 மணித்தியாலக் களப்பயிற்சியும், பின்னர் 1600 மணித்தியால உள்ளகப் பயிற்சியும் கட்டாயம். ஒருவருடன் ஒரு மணித்தியாலம் பேசினால், குறிப்பெழுதி, ஒளிப்பதிவை மேற்பார்வையாளருடன் பார்த்து, சோதனைகளுக்குப் புள்ளியிட்டு அறிக்கை எழுதி முடிப்பதற்குள் அந்த நாளே போய்விடும். ஆய்வேடு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும். உள்ளகப் பயிற்சி வேறு மாகாணத்திலும் அமையலாம் என்பதால், தரவுகளை அதற்கு முன்பே சேகரித்துவிடுங்கள்.

சம்பூர் மக்கள் 2006இல் இடம்பெயர்ந்து, கிளிவெட்டி, பட்டித்திடல் போன்ற இடங்களின் முகாம்களில் ஆண்டுக்கணக்கில் இருந்துவிட்டு, 2015 அளவிலேயே சொந்தக் காணிகளுக்குத் திரும்பத் தொடங்கியவர்கள். படிவங்களில் கையொப்பமிட்டுச் சலித்தவர்கள். நான் நேர்காணலுக்குச் சென்றபோது ஓர் அம்மா சம்மதப் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதால வீட்டுத்திட்டம் வருமே பிள்ளை?" என்று கேட்டார். வராது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். கனடாவின் ஆய்வு நெறிமுறைக் கொள்கை வாய்மொழிச் சம்மதத்துக்கும் இடமளிக்கிறது; அதே கொள்கைதான் இங்குள்ள ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு இலங்கையிலுள்ள அத்தகைய குழுவொன்றின் அனுமதியையும் எதிர்பார்க்கிறது. இங்குள்ள குழு தனியறை கேட்கும். சம்பூரிலோ விறாந்தையில் கதிரை போட்ட உடனேயே அயலவர் வந்து அமர்ந்துவிடுவார்கள். பாடசாலை விட்டபின் கிடைக்கக்கூடிய வகுப்பறை போன்ற மாற்று ஏற்பாட்டை விண்ணப்பத்திலேயே எழுதுங்கள்.

வினாக்கொத்து விடயத்தில் எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. நெருக்கீட்டுக்குப் பிந்திய உளப்பாதிப்பை அளக்கும் பி.சி.எல்-5 இன் 20 வினாக்களும் மிக மோசமான ஒரு நிகழ்வை மனத்தில் வைத்துக் கடந்த ஒரு மாதத்தைப் பற்றிக் கேட்பவை. சுனாமி, ஷெல்லடி, முகாம் வாழ்வு என எல்லாவற்றையும் கண்டவர் எதைத் தெரிவுசெய்வார்? இன்றைய கடனும் தொழிலின்மையும் அதில் பதிவாகவே மாட்டா. ஆகவே, முதலில் நீண்ட நேர்காணல்கள், பின்னரே புள்ளிகள்.

இங்கே கோடை விடுமுறை மே முதல் ஓகஸ்ட் வரை. ஓகஸ்டில் சிறுபோக அறுவடை நெருங்கிவிடும் என்பதால் ஜூன், ஜூலை மாதங்களே வாய்ப்பானவை. ஆனால் அம்மாதங்களில் வீசும் கச்சான் காற்றின் இரைச்சல் ஒலிப்பதிவைக் கெடுக்கும். ஒலிவாங்கிக்குப் பஞ்சுறை வாங்கிச் செல்லுங்கள்.

அதற்கெல்லாம் முன்னதாக, உங்களைத் தெரிவுசெய்த மேற்பார்வையாளரின் பழைய மாணவர்களிடம் எத்தனை ஆண்டுகளில் முடித்தார்கள் என்றும், வெளிநாட்டுக் களஆய்வுக்கு அவர் பணம் ஒதுக்கினாரா என்றும் இப்போதே எழுதிக் கேளுங்கள்.