ஐந்து லட்ச ரூபாய் ஸ்பீக்கர் செட்: விமர்சனத்தை நம்பிப் பணம் போடலாமா?

கேள்வி: வயது 43. சேலம் அழகாபுரத்தில் குடியிருக்கிறேன். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. செலவெல்லாம் போக மாதம் 30,000 ரூபாய் வரை மிஞ்சும். வீட்டுக் கடன் 11 லட்சம் பாக்கி, வட்டி 8.75%. மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். எல்.ஐ.சி. பாலிசி முதிர்ந்து 6 லட்சம் வந்திருக்கிறது. சின்ன வயதிலிருந்தே எனக்குப் பாட்டுப் பைத்தியம். 50, 60-களின் சினிமாப் பாட்டும் நாதஸ்வரமும்தான் அதிகம் கேட்பேன். ஸ்பீக்கர் 2.10 லட்சம், ஆம்ப்ளிஃபையர் 1.90 லட்சம், டி.ஏ.சி. (டிஜிட்டல் பதிவை ஆம்ப்ளிஃபையருக்கு ஏற்ற சிக்னலாக மாற்றும் கருவி) 60,000, கேபிள் 45,000 என்று மொத்தம் 5.05 லட்சத்துக்கு ஒரு செட் பார்த்து வைத்திருக்கிறேன். படித்த விமர்சனம், பார்த்த வீடியோ எல்லாமே ஆகா ஓகோ என்கின்றன. "காசு வாங்கிக்கிட்டுதான் எழுதுறாங்க" என்கிறார் மனைவி. வாங்கலாமா?

பதில்: வாங்குங்கள், ஆனால் 1.5 லட்சத்துக்குள். பாட்டு கேட்பது வீண் செலவு என்று சொல்லும் ஆள் நான் இல்லை. 5.05 லட்சம் வேண்டாம் என்பதற்குப் பாதிக் காரணம் உங்கள் கணக்கில் இருக்கிறது, பாதி அந்த விமர்சனங்களில் இருக்கிறது.

முதலில் மனைவி சொன்னது. பாதி சரி. உறையில் பணம் வைத்துக் கொடுத்து எழுத வைப்பது பெரிய பத்திரிகைகளில் வழக்கமில்லை. வழக்கத்தில் இருப்பது வேறு. சாதனத்தைக் கம்பெனி மாதக்கணக்கில் இரவல் கொடுக்கும். பிடித்திருந்தால் விமர்சகர் தனித் தள்ளுபடியில் எடுத்துக்கொள்ளலாம். பக்கத்தைப் புரட்டினால் அதே கம்பெனியின் விளம்பரம் இருக்கும். கடுமையாக எழுதினால் அடுத்த சாதனம் வேறு ஒருவர் வீட்டுக்குப் போகும். அதனால் சுமாரான பொருளைப் பற்றி மோசமாக எழுதுவதைவிட எழுதாமலே விட்டுவிடுவது அவருக்குச் சௌகரியம். உங்கள் கண்ணில் பட்டவை எல்லாமே பாராட்டாக இருப்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

இதற்கு நம் நாட்டில் விதி உண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2022-இல் வந்த வழிகாட்டுதல்படி, ஒரு பொருளைப் பரிந்துரைப்பவர் கம்பெனியோடு தனக்குள்ள தொடர்பை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இலவசமாகக் கிடைத்த பொருளும் அதில் அடங்கும். மீறினால் முதல் தடவை 10 லட்சம் வரை அபராதம். அதே ஆண்டு ஜூலையில் வருமான வரியில் 194ஆர் பிரிவும் வந்தது. வருடத்துக்கு 20,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளை விமர்சகர் தானே வைத்துக்கொண்டால் 10% டி.டி.எஸ்.; திருப்பிக் கொடுத்துவிட்டால் இல்லை. வரித்துறையே அதை வருமானமாகப் பார்க்கும்போது நாம் ஏன் பார்க்கக் கூடாது? ஆனால் நீங்கள் படித்ததில் பெரும்பகுதி வெளிநாட்டு விமர்சனமாக இருக்கும். அங்கே இந்த விதியை வைத்து நாம் ஒன்றும் செய்ய முடியாது.

இனி மனைவியின் கணக்கில் வராத மறுபாதி. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. ஒரு பைசா வாங்காத, நேர்மையான விமர்சகரும் தப்பாகக் கேட்க முடியும். அமெரிக்காவில் மொபைல் ஃபிடிலிட்டி என்ற இசைத்தட்டு நிறுவனம் இருக்கிறது. மூல டேப்பிலிருந்து டிஜிட்டல் கலக்காமல் தட்டு போடுபவர்கள் என்று பெயர் எடுத்த நிறுவனம். சில தட்டுகளின் விலை நூறு டாலருக்கு மேல். டிஜிட்டல் வாசனை கொஞ்சம் பட்டாலும் கண்டுபிடித்துவிடுவோம் என்று சொல்லும் காதுக்காரர்கள் அவற்றைக் கொண்டாடினார்கள். 2022 ஜூலையில் உண்மை வெளியே வந்தது: 2011-லிருந்தே பல தட்டுகள் டிஜிட்டல் பதிவு வழியாகத்தான் தயாராகியிருந்தன. அதைச் சொன்னது யாருடைய காதும் இல்லை. நிறுவனத்தின் பொறியாளர்களே ஒப்புக்கொண்டார்கள். வழக்கு நடந்து, 2.5 கோடி டாலர் அளவில் சமரசம் ஆனது. பத்து வருடம் கேட்டவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. நம்பியதைக் கேட்டார்கள், அவ்வளவுதான்.

ஸ்பீக்கரிலும் இதே கதை. ஹார்மன் என்ற ஆடியோ சாதன நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் இருவரும் 1994-இல் ஒரே ஆட்களை ஒரே ஸ்பீக்கர்களுக்கு இரண்டு விதமாக மதிப்பெண் போடச் சொன்னார்கள். ஒரு தடவை திரைக்குப் பின்னால் மறைத்து வைத்து, ஒரு தடவை கண்ணெதிரே வைத்து. மறைத்திருந்தபோது நல்ல மதிப்பெண் வாங்கிய சின்ன, மலிவான செட், கண்ணுக்குத் தெரிந்ததும் கீழே இறங்கியது. பெரிய, விலை உயர்ந்தவை மேலே ஏறின. மதிப்பெண் போட்டவர்கள் அந்த நிறுவனத்திலேயே வேலை பார்த்தவர்கள்! ஹை-எண்ட், அதாவது விலை உயர்ந்த ஆடியோ சாதன விமர்சனத்துக்கே தாய்வீடு எனலாம், 'ஸ்டீரியோஃபைல்' பத்திரிகை. அதைத் தொடங்கிய ஜே. கோர்டன் ஹோல்ட்டே கடைசிக் காலத்தில், இந்த மாதிரி சோதனைக்கு உட்பட மறுத்துத்தான் துறை நம்பகத்தன்மையை இழந்தது என்று நொந்துகொண்டார்.

உங்கள் பட்டறைக்கு வெள்ளி வந்தால் விற்பவர் முகத்தைப் பார்த்தா எடுப்பீர்கள்? டச், அதாவது வெள்ளியின் சுத்தம், எவ்வளவு என்று பார்த்த பிறகுதானே விலையே பேசுவீர்கள்! அதையே இங்கேயும் செய்யுங்கள். விமர்சனத்தில் கருவி வைத்து அளந்த அளவீட்டு வரைபடம் இருந்தால் அதைப் படியுங்கள். ஸ்டீரியோஃபைலே வர்ணனைக்குக் கீழே அளவீடு போடுகிறது. "திரை விலகியது", "காற்று வீசியது" என்றெல்லாம் வரும் பத்திகளைத் தாண்டிப் போங்கள். அப்புறம், கடையில் கேட்கும்போது உங்கள் பாட்டையே போடச் சொல்லுங்கள். இரண்டு சாதனமும் ஒரே சத்தத்தில் இருக்க வேண்டும். ஒரு டெசிபல் கூடினால் காது அதைச் சத்தம் என்று எடுத்துக்கொள்ளாது, தரம் என்று எடுத்துக்கொள்ளும். விற்பனையாளருக்கு இது நன்றாகத் தெரியும். எது ஓடுகிறது என்று தெரியாமல் முதுகைக் காட்டி உட்கார்ந்து, மகளை விட்டு மாற்றச் சொல்லுங்கள். பத்துத் தடவையில் ஐந்தாறுதான் சரியாகச் சொல்ல முடிகிறது என்றால் விலை குறைந்ததை எடுங்கள்.

உங்கள் பட்டியலில் கேபிளை உடனே அடித்துவிடுங்கள். சில மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி போதும், எலெக்ட்ரிகல் கடையில் ஆயிரத்துச் சொச்சத்தில் வேலை முடியும். 60,000 ரூபாய் டி.ஏ.சி.யும் வேண்டாம், போனில் செருகும் இரண்டாயிரம் ரூபாய் டாங்கிள்களே இன்று அதே வேலையைச் செய்கின்றன, அவற்றின் குறை காதுக்கு எட்டாத அளவுக்குச் சின்னது. உண்மையாக வித்தியாசம் தெரிவது ஸ்பீக்கரிலும், அது இருக்கும் அறையிலும்தான். டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள ஹாலில் எவ்வளவு விலை ஸ்பீக்கரும் எதிரொலிக்கும். இன்னொன்று: ஏற்காடு ரோட்டில் வளைவு மட்டும் மிஞ்சி நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் காலத்துப் பாட்டெல்லாம் மோனோவில், அதாவது இடம் வலம் பிரியாத ஒரே தடத்தில் பதிவானவை. டேப்பில் இல்லாததை ஆம்ப்ளிஃபையர் எங்கிருந்து கொண்டுவரும்?

சரி, பணத்துக்கு வருவோம். 5.05 லட்சத்தை வீட்டுக் கடனில் கட்டினால் முதல் வருடம் மட்டும் சுமார் 44,000 ரூபாய் வட்டி மிச்சம். ஆனால் முழுவதையும் அங்கே போடவும் சொல்லமாட்டேன். வெள்ளி ஏறினால் அதே எடைக் கொலுசுக்கு உங்கள் முதல் கூடுதலாக முடங்கும். ஒரு பெரிய ஆர்டர் பணம் தள்ளிப் போனால் வெளியே கடன் வாங்கவேண்டி வரும். அதனால் 3 லட்சத்தை அவசரத்துக்கு எடுக்க முடிகிற மாதிரி வங்கி டெபாசிட்டில் வையுங்கள், மகளின் கல்லூரி முதல் வருடக் கட்டணமும் அதற்குள் அடங்கட்டும். 1.5 லட்சத்தைக் கடனில் கட்டுங்கள். மாறும் வட்டிக் கடன் என்றால் முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் கிடையாது.

மீதி 1.5 லட்சம் உங்களுடையது, யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டாம். என்னைக் கேட்டால் ஸ்பீக்கருக்கு 90,000, ஆம்ப்ளிஃபையருக்கு 35,000, தடித்த திரைச்சீலை, விரிப்பு வகைக்கு 15,000. மீதியில் ஸ்டெபிலைசர், கம்பி, டாங்கிள். ரிப்பேர் வந்தால் சேலத்திலேயே பார்ப்பார்களா, பெங்களூருவுக்குத் தூக்க வேண்டுமா என்று பில் போடும் முன்பே கேளுங்கள். கடைக்காரர் "வட்டியில்லா இ.எம்.ஐ." என்று ஆரம்பித்தால், ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேளுங்கள். அந்தக் குறைப்புதான் வட்டி. கார்டு இ.எம்.ஐ. என்றால் வட்டிக்கு 18% ஜி.எஸ்.டி.யும் சேரும்.

முதுகைக் காட்டி உட்கார்ந்து கேட்ட பிறகும் அந்த 2.10 லட்சம் ஸ்பீக்கரைத்தான் பத்துக்கு ஒன்பது தடவை சரியாக அடையாளம் சொல்லி, அதுவேதான் வேண்டும் என்று தோன்றினால், கூடுதலாக வேண்டிய 1.2 லட்சத்தை மாத மிச்சத்திலிருந்து நான்கைந்து மாதத்தில் சேர்த்து வாங்குங்கள். அந்த 3 லட்சத்தை மட்டும் தொடாதீர்கள்.