வாரம் இரண்டு நாள் தஞ்சாவூர், மற்ற நாள்களில்?

கேள்வி: மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. நான்கு வயது மகனுக்கு ஆட்டிசம் இருப்பதாகச் சென்ற ஆண்டு கண்டறிந்தார்கள். இன்னும் பேச்சு வரவில்லை. வாரம் இரண்டு நாள் பஸ்ஸில் தஞ்சாவூருக்கு அழைத்துப் போகிறேன். முக்கால் மணி நேரப் பயிற்சி, நான் வெளியே காத்திருக்க வேண்டும். கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார். மாமியாரோ, "அவன் அப்பனும் நாலு வயசுலதான் பேசினான்" என்கிறார். மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளையும் அழைத்துக்கொண்டு சென்னைக்கே குடிபெயர்ந்துவிடலாமா?

பதில்: வேண்டாம் என்பதே என் கருத்து. வாரத்தில் உங்கள் மகன் விழித்திருக்கும் நேரம் ஏறத்தாழ 80 மணி. அதில் பயிற்சி அறையில் கழிவது ஒன்றரை மணி. சென்னையில் அது ஐந்து மணி நேரமாகவே உயர்ந்தாலும், பாட்டி, வாசல், அங்கன்வாடி என்று அவனுக்குப் பழகிப்போன அனைத்தும் ஒரே நாளில் இல்லாமல் போகும். ஓர் அறையில் ஓர் ஆசிரியரிடம் கற்றதை வேறோர் இடத்தில் வேறொருவரிடம் செய்துகாட்டுவது இக்குழந்தைகள் பலருக்குக் கடினம் என்பதால், எந்தத் திறன் எங்கே தேவைப்படுகிறதோ அங்கேயே அதைப் பழக்குவதுதான் நிலைக்கிறது.

குடும்பத்தை மையமாகக் கொண்ட சேவை என்றால் தாயிடம் வீட்டுப்பாடத் தாளைக் கொடுத்தனுப்புவது என்று சில மையங்கள் எண்ணிக்கொண்டிருக்கின்றன. உண்மையில், குழந்தை முதலில் எதைக் கற்க வேண்டும் என்பதைக் குடும்பத்தின் அன்றாடத் தேவையிலிருந்து முடிவு செய்து, அதை வீட்டில் எப்படிச் செய்வது என்று குடும்பத்தினருக்குப் பழக்குவதே அதன் பொருள். உலக சுகாதார நிறுவனம் வளர்ச்சித் தாமதம் உள்ள 2 முதல் 9 வயதுக் குழந்தைகளின் பராமரிப்பாளர்களுக்கென வகுத்த பயிற்சி, 9 குழு வகுப்புகளும் 3 வீட்டுச் சந்திப்புகளும் கொண்டது. அதில் மாணவர்கள் பெற்றோரே. ஆகவே அடுத்த முறை தஞ்சாவூர் செல்லும்போது, கடைசிப் பதினைந்து நிமிடமாவது உங்களை உள்ளே அமர்த்தி, நீங்கள் செய்வதைப் பார்த்துத் திருத்தித் தருமாறு கேளுங்கள். மறுத்தால், வேறு மையம் பார்ப்பதில் தவறில்லை.

வீட்டில் எதைச் செய்வது? குளிப்பாட்டும் நேரத்தை எடுத்துக்கொள்வோம். முதல் சொம்புத் தண்ணீரை ஊற்றுங்கள். இரண்டாவது சொம்பை நிரப்பி, ஊற்றாமல் அவன் முகத்துக்கு எதிரே பிடித்தபடி, மனத்துக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். அவன் உங்களைப் பார்த்தாலும், கையைப் பிடித்து இழுத்தாலும், ஏதேனும் ஒலி எழுப்பினாலும் அதுவே கேட்டதாகும். உடனே "ஊத்து" என்று ஒரே சொல்லைச் சொல்லி ஊற்றிவிடுங்கள். "சொல்லு, சொல்லு" என்று வற்புறுத்த வேண்டாம். தினமும் பத்துச் சொம்பு என்றால் பத்து வாய்ப்புகள்; இதற்கெனத் தனி நேரமும் வேண்டாம், பொம்மையும் வேண்டாம். சோறு ஊட்டும்போது பாட்டி இதையே செய்யலாம். வேண்டியதன் படத்தைக் காட்டிக் கேட்கவும் அவனைப் பழக்கலாம். அப்படிப் பழகிவிட்டால் பேச்சே வராமல் போய்விடும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. படம் பேச்சுக்குத் துணையாகவே நிற்கும்.

மாமியாருடன் வாதிட்டுப் பயனில்லை. ஒருநாள் அவரையும் தஞ்சாவூருக்கு அழைத்துச் செல்லுங்கள். பேரன் ஒரு சிறு காரியத்தைச் செய்வதை நேரில் கண்ட பாட்டிகள், பிறகு நம்மைவிடக் கண்டிப்பான பயிற்றுநர்களாகிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். கூத்தனூர் சரஸ்வதி கோயிலுக்குப் போய் வேண்டிக்கொள்வோம் என்றாலும் போய் வாருங்கள். அதற்காகப் பயிற்சி நாள் தவறக் கூடாது, அவ்வளவுதான். மகள் தம்பியோடு விளையாடட்டும். அவனுக்குக் காவலாளி ஆக வேண்டாம்.

அலைச்சலைக் குறைக்கவும் வழி உண்டு. திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாவட்ட இடையீட்டுச் சேவை மையம் பற்றி விசாரியுங்கள். பேச்சுப் பயிற்சியும், அன்றாடக் காரியங்களைச் செய்யப் பழக்கும் செயல்முறைப் பயிற்சியும் கட்டணமின்றித் தருவதற்காக ஏற்பட்டவை அம்மையங்கள். உங்கள் ஒன்றியத்தில் பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில், இத்தகைய குழந்தைகளுக்கான சிறப்பாசிரியர்கள் இருப்பார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 ஆட்டிசத்தையும் உள்ளடக்கியது என்பதால், மருத்துவக் குழுவின் சான்றும் அடையாள அட்டையும் பெற்றுவிடுங்கள். படிவத்தில் ஆட்டிசம் "புற உலகச் சிந்தனையற்ற நிலை" என்று இருக்கும். எனக்குப் பிடிக்காத பெயர், ஆனால் அந்தக் கட்டத்தில்தான் குறியிட வேண்டும். அதன்பின், மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிரமயா மருத்துவக் காப்பீட்டில் சேரலாம். ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையிலான அதன் வரம்புக்குள் பயிற்சிச் செலவுக்கும் ஒரு பகுதி உண்டு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் எழுதியாக வேண்டும். இக்குழந்தைகளில் பலர் சொல்லாமல் வெளியே நடந்துவிடுவார்கள்; அவர்களில் பலரைத் தண்ணீர் ஈர்க்கும். வாய்க்காலும் குளமும் வாசலுக்கு எதிரே இருக்கும் நம் ஊர்களில் இதைவிடப் பெரிய ஆபத்தை நான் அறியேன். மேட்டூர் திறந்து, நேற்று வரை வறண்டு கிடந்த வாய்க்காலில் தண்ணீர் வந்து சேரும் வாரத்தில் கூடுதல் கவனம் வேண்டும், ஏனெனில் அவன் அதைப் பழைய விளையாட்டிடமாகவே நினைத்திருப்பான். வாசல், கொல்லை இரண்டு கதவுகளுக்கும் அவன் கைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் போடுங்கள். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பமாட்டான் என்பதை அண்டை வீட்டாருக்கும் டீக்கடைக்காரருக்கும் சொல்லி, அவன் தனியே நடப்பதைக் கண்டால் கையைப் பிடித்து நிறுத்தச் சொல்லுங்கள். காணவில்லை என்றால் உறவினர் வீடுகளில் தேடிக்கொண்டிராமல், முதலில் ஓட வேண்டியது படித்துறைக்கு.